தலையணைக்கடியில் ஒரு கைப்பிடி

மைமூனக்கா யாரையும் நம்பியதில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இராஜபாளையத்தில் எங்கள் தெருவில் அவள் வீட்டுக்கு எதிர்வீடு என் வீடு. வருஷக்கணக்காக அவளுக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்திருக்கிறேன். ஒரு தடவைகூடத் துணியைக் கொடுத்துவிட்டுப் போனதில்லை. நான் வெட்டி முடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து, மிஞ்சின துண்டை வாங்கி மடியில் செருகிக்கொண்டுதான் எழுந்திருப்பாள். "உன்னையச் சொல்லலை அமிர்தம், ஊர் அப்படிக் கெடக்கு" என்பாள். அந்தத் துண்டுத்துணியை வைத்து நான் என்ன பங்களாவா கட்டப்போகிறேன்? எனக்குக் கோபம் மூக்குமேல் நிற்கும். ஆனாலும் அடுத்த பெருநாளுக்கு அவள் துணியோடு வந்து நின்றால் தைத்துத்தான் கொடுப்பேன்.

அவள் கல்யாணக் கதை தெருவில் எல்லாருக்கும் தெரியும். நிக்காஹ் அன்று பெண்ணிடம் சம்மதம் கேட்க மாமாவும் இரண்டு சாட்சிகளும் உள்ளே வந்திருக்கிறார்கள். மற்றப் பெண்கள் தலையைக் குனிந்து ஒரு 'உம்' கொட்டுவார்கள், முடிந்தது. இவள், "மாப்பிள்ளை எனக்குத் தார மஹர் என்னன்னு எழுதியிருக்கோ அதைச் சத்தமா வாசிங்க" என்றாளாம். வாசித்தார்கள். "அந்தச் சங்கிலியை யாராச்சும் கண்ணால பாத்தியளா?" என்று அடுத்த கேள்வி. பந்தலில் மாப்பிள்ளை மைதீன் பிச்சை மாலையோடு உட்கார்ந்திருக்க, சங்கிலியைத் தட்டில் வைத்து உள்ளே கொண்டுவந்து காட்டின பிறகுதான் கையெழுத்து விழுந்தது. மைதீன் அண்ணன் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். "என்னையும் கல்லுல உரசிப் பாத்துட்டுத்தான் கட்டிக்கிட்டா" என்பார். நல்ல மனுஷன். மில்லில் வேலை பார்த்தார். நெஞ்சில் சளி கட்டி, மகள் அசீனா நாலாம் வகுப்பு படிக்கும்போது போய்ச் சேர்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு மைமூனக்கா பேண்டேஜ் யூனிட்டுக்குப் போனாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற பேண்டேஜ் துணியைச் சுருட்டிக் கட்டுகிற வேலை. எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருத்தி அந்த வேலையில் இருப்பாள். குனிந்த தலை நிமிராமல் சுருட்டவேண்டும். பஞ்சுத்தூசி மூக்கில் ஏறும். அது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. அவளை உறுத்தியது வேறு. போன வருஷம் அசீனாவோடு பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் இந்த வருஷம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சுருட்டிக்கொண்டிருந்தன. மேஸ்திரியாக இருந்த கருத்தம்மா போகிறபோதும் வருகிறபோதும், "ஒம் மக வயசுக்கு வந்துட்டால்ல மைமூனு? பத்தாவது முடிஞ்சதும் கூட்டியா. ஒனக்குப் பக்கத்துலயே எடம் போட்டு வச்சிருக்கேன்" என்பாள். அவள் அன்பாகத்தான் சொன்னாள். மைமூனக்காவுக்கு அதைக் கேட்டால் சோறு இறங்காது.

வீட்டில் சொந்தமாக ஒரு சுருட்டுகிற மெஷின் இருந்தால் துணியை வாங்கிவந்து கூலிக்குச் சுருட்டிக் கொடுக்கலாம். கையால் சுருட்டுவதைவிடப் பல மடங்கு வேலை ஓடும். அந்த வருமானத்தில் அசீனாவைப் பன்னிரண்டாவது வரைக்கும், முடிந்தால் அதற்கு மேலும் படிக்க வைக்கலாம். இதுதான் அவள் போட்ட கணக்கு. 1993ஆம் வருஷம் ஆடி மாதம், உரசிப் பார்த்து வாங்கின அந்த மஹர் சங்கிலியை விற்றாள். மெஷின் வாங்க என்னையும் அசீனாவையும் கூட்டிக்கொண்டு காளிராஜ் கடைக்குப் போனாள்.

காளிராஜ் தென்காசி ரோட்டில் கடை வைத்திருந்தார். கோயம்புத்தூரில் செய்கிற மெஷின்களை வாங்கி இங்கே விற்பவர். கடை நடுவில் ஒரு மெஷின் நின்றது. இடுப்பு உயரத்துக்கு இரும்புச் சட்டம், அதன்மேல் ஒரு உருளை, பக்கத்தில் கையால் சுற்றுகிற கைப்பிடி. மைமூனக்கா அதன் அடியில் குனிந்து பார்த்தாள். எண்ணெயை மோந்து பார்த்தாள். பெயிண்டை நகத்தால் சுரண்டினாள். ஒரு முழத் துணியைக் கொடுத்துச் சுற்றச் சொன்னார்கள். சுற்றினாள். நன்றாகத்தான் ஓடியது.

"சரிம்மா, குடோன்ல புதுசு பெட்டியோட இருக்கு. சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பிருதேன்" என்றார் காளிராஜ்.

"பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு நான் கண்டனா? நான் ஓட்டிப் பாத்தது இது. இதையே தாங்க."

"இது பார்வைக்கு வச்சதும்மா. வாரவுக போறவுக எல்லாம் சுத்திப் பாக்குறது."

"அம்புட்டுப் பேர் சுத்தியும் ஓடுதுன்னா நல்ல மெஷின்னுதான அர்த்தம்."

காளிராஜ் தன் கணக்குப்பிள்ளையைப் பார்த்தார். ஒரு சிரிப்புச் சிரித்தார். "ஒங்க இஷ்டம்" என்றார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. மைமூனக்கா காதில் சொன்னேன். "ஒனக்கு ஆம்பளை சிரிச்சாலே ஆகாது, சும்மா கெட" என்று என் வாயை அடைத்துவிட்டாள். விலையிலும் ஒரு பைசா குறையவில்லை, புதுசுக்கு என்ன விலையோ அதேதான்.

பில்லில் கையெழுத்துக் கேட்டார்கள். அடியில் எறும்பு ஊர்ந்த மாதிரி இங்கிலீஷில் நாலைந்து வரி. வாசித்துப் பார்க்காமல் மைமூனக்கா கை வைப்பாளா? அசீனாவை விட்டு வாசிக்கச் சொன்னாள். பிள்ளை எழுத்துக்கூட்டி, ஒரு எழுத்து விடாமல், மூச்சு வாங்க வாசித்து முடித்தது. அதன் அர்த்தம் வாசித்தவளுக்கும் தெரியாது, கேட்டவளுக்கும் தெரியாது, கூடப்போன எனக்கும் தெரியாது. ஆனால் எதுவும் மறைக்கவில்லை, எல்லாம் சத்தமாக வாசித்தாயிற்று என்று மைமூனக்காவுக்குத் திருப்தி. கையெழுத்துப் போட்டாள். வழியில் மெஷினை மாற்றிவிடுவார்கள் என்று அதன் காலில் பச்சை நூல் கட்டி, மூன்று சக்கர வண்டியில் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து வீடு வந்து சேர்ந்தாள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். இவள் சூனியத்தை வண்டி வைத்து வீட்டுக்கே கொண்டுவந்தாள்.

ஒரு முழத் துணியில் தெரியாத கோளாறு முழு நீளத் துணியில் தெரிந்தது. உருளை எங்கேயோ லேசாக வளைந்திருந்தது. சுருளின் ஒரு பக்கம் கல் மாதிரி இறுகும், மறுபக்கம் தொளதொளவென்று நிற்கும். ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினால் நடுத்துணி சரிந்து வெளியே வரும். யூனிட்டில் பாதிக்கு மேல் திருப்பிக் கொடுத்தார்கள். திரும்பி வந்ததை எல்லாம் அவிழ்த்துக் கையால் சுருட்டினாள். மெஷினும் வாங்கி, கையாலும் சுருட்டுகிற கொடுமை.

அப்படி ஒரு மெஷினைத்தான் அவள் பூட்டிப் பூட்டி வைத்தாள். வேலை முடிந்ததும் கைப்பிடியைக் கழற்றி எடுத்துவிடுவாள். படுக்கும்போது அது தலையணைக்கடியில் இருக்கும். மெஷினைப் போர்வையால் மூடி, போர்வை மடிப்பில் ஒரு நூலை வைப்பாள். யாராவது தொட்டால் நூல் விலகிவிடும், தெரிந்துவிடும். பக்கத்து வீட்டில் அவள் தம்பி அபுபக்கர். அவன் பெண்டாட்டி ஆரிபா. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். ஆரிபா கை வேலைக்குத் துடிக்கிற கை. "மைனி, நான் செத்த நேரம் சுத்துதேன், நீங்க இடுப்பை ஆத்துங்க" என்று எத்தனையோ தடவை வந்து நின்றாள். "வேண்டாம் தாயி, நீ போ" என்று வாசலோடு அனுப்பிவிடுவாள். மைமூனக்காவுக்குக் காய்ச்சல் கொதித்த அன்றைக்கும் அதே பதில்தான். ஆரிபா என் வீட்டுக்கு வந்து அழுதாள். "என்னையத் திருடின்னு நெனைக்காக. நான் தொட்டா மெஷினு அழுகிருமாக்கா?" எனக்கு ஆரிபா பக்கம்தான் நியாயம் என்று பட்டது.

காளிராஜ் கடையிலிருந்து ஒருத்தன் வந்து எண்ணெய் போட்டுவிட்டுப் போனான். கோளாறு அப்படியே இருந்தது. மறுபடி கூப்பிட்டால் வரவில்லை. நேரில் போனோம். காளிராஜ் பில்லின் நகலை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"பெட்டியில இருக்கதைத் தாரேன்னு சொன்னேனா இல்லையா? நீங்கதான் ஒத்தக்கால்ல நின்னீக. இங்க பாருங்க, பாத்து சோதிச்சு திருப்தியா வாங்கிக்கிட்டேன், வித்த சரக்கு வாபஸ் கெடையாது, வழக்குன்னா கோயம்புத்தூர் கோர்ட்டுக்குத்தான் வரணும்னு போட்டிருக்கு. கீழ ஒங்க கையெழுத்து."

"இது இங்கிலீசுல்ல" என்றாள் மைமூனக்கா.

"ஒங்க மக வாசிச்சாளே" என்றார் அவர்.

வீடு திரும்பினோம். வீட்டு வாசலில் அபுபக்கர் நின்றான். "அக்கா, போனது போகட்டும். பரீட்சை முடிஞ்சதும் அசீனாவைக் கருத்தம்மாகிட்டச் சேத்துவிடு. வேற வழி?" என்றான். அவள் அவனைப் பார்த்த பார்வையில் நானாக இருந்தால் எரிந்துபோயிருப்பேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் கதவுக்கு அந்தப்பக்கம் 'கடக் கடக்' என்று மெஷின் சத்தம் கேட்டது.

என் கொழுந்தன் ராபர்ட் பாங்கியில் கிளார்க். அவனிடம் பில்லைக் காட்டினேன். படித்துவிட்டு, "மதினி, இதுக்குன்னு சட்டம் வந்து சில வருஷம் ஆச்சு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். ஸ்ரீவில்லிபுத்தூர்லயே அதுக்குத் தனியா மன்றம் உக்காருது. பீஸ் கெடையாது, வக்கீலும் வேண்டாம். கோளாறான சாமானை வித்துட்டு, நானே அச்சடிச்ச காயிதத்துல நீ கையெழுத்துப் போட்டியேன்னு தப்பிக்க முடியாது" என்றான். பிறகு, "ஒண்ணே ஒண்ணுதான் இடிக்கும். வியாபாரத்துக்கு வாங்குன மெஷின்னு நிரூபிச்சிட்டா கேஸ் நிக்காது. தன் கையால உழைச்சுப் பிழைக்கதுக்கு வாங்குனதா இருந்தா செல்லும்னு இந்த வருஷந்தான் சட்டத்துல சேத்திருக்காக" என்றான்.

மைமூனக்காவிடம் இதைச் சொன்னேன். அவள் கேட்ட கேள்வி: "காசு வாங்காமச் செய்ய அவனுக்கு என்ன வந்துச்சு?"

"ராபர்ட்டுக்கா? சும்மாதான்க்கா."

"சும்மா எவனும் ஒண்ணும் செய்ய மாட்டான். அதுவும் கோர்ட்டே ஓசின்னா அதுல என்ன வில்லங்கமோ. நான் மெஷின் வாங்குன வருஷம் பாத்து எனக்காகச் சட்டத்தை மாத்துனாகளாக்கும்."

ஆனாலும் மனு எழுத வந்தாள். ராபர்ட் எழுதின மனுவைத் தமிழில் நாலு தடவை வாசிக்கச் சொன்னாள். ஒவ்வொரு வரிக்கும், "இதுக்கு அர்த்தம் என்ன?" என்று கேட்டாள். இந்தத் தடவை அர்த்தத்தைக் கேட்டாள், அதைக் கவனித்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறினால் அரைமணி நேரம். கோபுரம் தெரிந்ததும் இறங்க எழுந்திருக்க வேண்டியதுதான். மன்றத்தில் ஒரு தலைவர், அவர் நீதிபதியாக இருந்தவர். இரண்டு பக்கமும் உறுப்பினர்கள், அதில் ஒருவர் பெண். மைமூனக்கா குமாஸ்தாவின் கை தெரிகிற இடமாகப் பார்த்து உட்காருவாள். "கேஸ் கட்டை மாத்தி வச்சிருவான்" என்பாள். காளிராஜின் வக்கீல் உள்ளே வரும்போது குமாஸ்தா வணக்கம் சொன்னார் என்று ஒரு வாரம் தூங்கவில்லை. வணக்கம் சொல்லாமல் முகத்தில் துப்பவா செய்வார்? சொன்னால் என்னையும் ஒரு மாதிரி பார்ப்பாள். ஊரெல்லாம் பால்கோவா வாங்கிக்கொண்டு போகும். இவள் கடை வாசலில் நின்று, "இதுல மைதா சேத்திருக்கீகளா?" என்று கேட்டு, கடைக்காரர் வாயால் சாபம் வாங்கிக்கொண்டு வெறுங்கையோடு வருவாள்.

மூன்றாவது வாய்தா அன்று அது நடந்தது. பஸ் ஸ்டாண்டில் நான் தனியாக நின்றேன். அவள் மகளுக்கு ரிப்பன் வாங்கப் போயிருந்தாள். காளிராஜ் வந்தார். "நீங்க சொன்னா அவுக கேப்பாக. வழக்கை வாபஸ் வாங்கச் சொல்லுங்க. உருளையை மட்டும் பாதி விலைக்கு மாத்தித் தாரேன்" என்றார். "அதை அவகிட்டயே சொல்லுங்க" என்று நான் சொல்லி வாயை மூடவில்லை, மைமூனக்கா தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் வேறு இருக்கையில் போய் உட்கார்ந்தாள். தெருவில் இறங்கியதும், "எம்புட்டு குடுத்தான்?" என்று மட்டும் கேட்டாள்.

என் வேலையைப் போட்டுவிட்டு, என் காசில் டிக்கெட் எடுத்து இவளோடு அலைந்தவள் நான். "ஒன் சகவாசமே வேண்டாம், போ" என்று சொல்லிவிட்டுக் கதவை அடித்துச் சாத்தினேன். அன்று ராத்திரி சாப்பிடவில்லை. அடுத்த வாய்தாவுக்கு அவள் தனியாகப் போனாள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு இருந்தேன், போகவில்லை. பாலிடெக்னிக்கில் பாடம் எடுக்கிற ஒரு வாத்தியாரை மன்றம் அனுப்பி, அவர் வந்து மெஷினைப் பார்த்து, உருளை வளைந்துதான் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அதுவும் அசீனா வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். பிள்ளைக்குப் பத்தாவது பரீட்சை முடிந்திருந்தது. "கருத்தம்மா பெரியம்மா நேத்து வந்துச்சு அத்தை. அம்மா பதிலே சொல்லலை" என்றாள். அந்த மூஞ்சியைப் பார்த்த பிறகு என் ரோஷத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? கடைசி வாய்தாவுக்கு நானும் கிளம்பினேன். அதே பஸ். அவள் முன்னால், நான் பின்னால்.

மன்றத்துக்குள் நுழைந்தால், காளிராஜ் பக்கத்து பெஞ்சில் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு ஆரிபா உட்கார்ந்திருக்கிறாள்.

மைமூனக்கா அப்படியே நின்றுவிட்டாள். குமாஸ்தாவைச் சந்தேகப்பட்டாள், ராபர்ட்டைச் சந்தேகப்பட்டாள், என்னைச் சந்தேகப்பட்டாள். சுவருக்கு அந்தப்பக்கம் இருந்தவளை நினைக்கவே இல்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

முதலில் சுருளைக் காட்டினோம். பெண் உறுப்பினர் கையில் வாங்கி ஒரு முனையைப் பிடித்துத் தூக்க, நடுத்துணி சரிந்து மேஜைமேல் விழுந்தது. தலைவர் காளிராஜிடம், "பார்வைக்கு வைத்த மெஷினுக்குப் புது மெஷின் விலை ஏன் வாங்கினீர்கள்?" என்று கேட்டார். காளிராஜ் வக்கீலைப் பார்த்தார். தலைவர் மைமூனக்காவிடம் திரும்பி, "பில்லை வாசித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டீர்களா அம்மா?" என்றார்.

"வாசிச்சோம்யா."

"புரிந்ததா?"

"அதை யாரும் கேக்கலைங்கய்யா. நானும் கேக்கலை."

வக்கீல் எழுந்தார். மெஷின் கோளாறு பற்றி அவர் பேசவே இல்லை. "இது நுகர்வோர் வழக்கே அல்ல. இந்த அம்மா வீட்டில் பட்டறை நடத்துகிறார். ஆள் வைத்து மெஷின் ஓட்டுகிறார். பல பேர் கைபட்டுத்தான் உருளை வளைந்திருக்கிறது. இது வியாபாரம். மேலும் இவர் எல்லார்மேலும் புகார் சொல்கிற சுபாவம் உள்ளவர். சொந்தத் தம்பி மனைவியே சாட்சி" என்றார். ஆரிபாவை எழுப்பி நிறுத்தினார்.

"ஒங்க நாத்தனார் எல்லாரையும் சந்தேகப்படுவாங்களா?"

அவ்வளவுதான் கேட்டார். அடைத்து வைத்த தண்ணீர் மடையை உடைத்த மாதிரி ஆரிபா கொட்டினாள். "சந்தேகமா? அவுக நிழலையே நம்பமாட்டாகய்யா. மெஷினைப் போர்வை போட்டு மூடி நூல் வச்சிருவாக, எவளாச்சும் தொட்டாளான்னு பாக்க. கைப்பிடியைக் கழட்டித் தலைகாணிக்கு அடியில வச்சுப் படுப்பாக. நான் கூடப்பொறந்தவன் பொண்டாட்டி. ஒரு நாள், ஒரே ஒரு நாள் தொட விட்டிருப்பாகளா? காய்ச்சல்ல கெடந்து மொனங்கிக்கிட்டு அவுகளே சுத்துனாக, என்னைய விடலை. சுவருக்கு அந்தப்பக்கம் சத்தத்தைக் கேட்டுக்கிட்டுக் கெடக்கேன். நான் என்ன திருடியா?"

வக்கீல், "போதும், உட்காரலாம்" என்றார். ஆனால் பெண் உறுப்பினர் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"இருங்கம்மா. அப்படியென்றால் அந்த மெஷினை வேறு யார்தான் ஓட்டினார்கள்?"

"வேற யாரு? யாரை விடுவாக? பெத்த மகளையே கிட்டச் சேக்க மாட்டாக."

மன்றத்தில் ஒரு ஓரத்தில் யாரோ சிரித்தார்கள். காளிராஜ் தலையைக் குனிந்துகொண்டார். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இவர் இன்னொருத்தி வாயைக் கூலிக்கு அமர்த்திக் கெட்டார்.

தலைவர் மைமூனக்காவைப் பார்த்தார். "மகளைக்கூட ஏன் தொட விடவில்லை?"

அவள் எழுந்து நின்றாள். "தொட்டா கை பழகிரும்யா. ஒரு நாள் லீவுல சுத்தும், மறுநாள் பரீட்சையில சுத்தும். வருமானம் வருதுன்னு எனக்கும் ஆசை வந்துரும். பொறவு அது பள்ளிக்கூடம் போகாது. யூனிட்டுல எம் பக்கத்துல உக்காந்திருந்த பிள்ளைக எல்லாம் அப்படித்தான் வந்துச்சு." ஆரிபா பக்கம் திரும்பவில்லை, ஆனால் அவளுக்குத்தான் சொன்னாள். "இவளைத் தொட விட்டா, அத்தை தொடுதா நான் தொட்டா என்னன்னு அதுவும் வரும். அதான் ஒருத்தரையும் விடலை. என்னையவே நம்பாமத்தான்யா நான் கைப்பிடியக் கழட்டி வச்சேன்."

இத்தனை காலம் எதிர்வீட்டில் இருந்து அவளைத் திட்டித் தீர்த்த நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆரிபா துப்பட்டியால் முகத்தை மூடிக்கொண்டாள்.

இரண்டு வாரம் கழித்து உத்தரவு வந்தது. ராபர்ட் தமிழில் சொன்னான். தன் கையால் மட்டும் உழைத்துப் பிழைக்க வாங்கினதால் இவள் நுகர்வோர்தான். விற்றவர் தானே அச்சடித்துக்கொண்ட வரிகள் சட்டம் கொடுத்த உரிமையைப் பறிக்காது. வாங்கியவர் கையெழுத்துப் போட்டிருந்தாலும் பறிக்காது. பொருளை விற்றது இராஜபாளையத்தில், அதனால் கோயம்புத்தூருக்கு ஓடவேண்டியதில்லை. காளிராஜ் புது மெஷின் தரவேண்டும். மைமூனக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மேல அப்பீல் போவானா?" என்றாள். போகவில்லை. அசீனா பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். கருத்தம்மா அதன் பிறகு இடம் போட்டு வைக்கவில்லை.

என்னிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. கடைசி வாய்தா அன்று திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தாள். அவள் பாஷையில் அது பெரிய மன்னிப்பு. ஆனால் ஒரு கேள்வியை மட்டும் என்னிடம் நாலைந்து தடவை கேட்டுவிட்டாள். "ஆரிபா தெரிஞ்சு சொன்னாளா, தெரியாமச் சொன்னாளா?" எனக்கு எப்படித் தெரியும்? ராபர்ட் எங்கள் வீட்டில் சட்டத்தை விளக்கிக்கொண்டிருந்த அன்று, மாவு கடன் வாங்க வந்த ஆரிபா அடுப்படியில்தான் நின்றாள். அவள் காதில் அது விழுந்ததோ என்னவோ. அதை நான் மைமூனக்காவிடம் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு சந்தேகம் கிளம்பும்.

புது மெஷின் பெட்டியோடு வந்து இறங்கியது. மைமூனக்கா பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள், திறக்கவில்லை. என்னைக் கூப்பிட்டாள். பிறகு சுவரைத் தட்டி, "ஏட்டி ஆரிபா, இங்க வா" என்றாள்.

அந்த வழக்குக்குப் பிறகு இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. ஆரிபா வந்து வாசல்படியிலேயே நின்றாள்.

"உள்ள வா. பெட்டியைப் பிரி. நாளைக்கு இதுலயும் கோளாறுன்னா நீதான் சாட்சி. எனக்கு வேண்டியவ சொன்னா எவன் நம்புதான்? நீ சொன்னாத்தான் நம்புதாக."

ஆரிபா சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் பெட்டியைப் பிரித்தாள். மெஷினைத் தூக்கி நிறுத்தினோம். துணியைக் கோத்தோம். மைமூனக்கா கைப்பிடியை மாட்டினாள். மாட்டிவிட்டு அதைப் பிடித்துக்கொண்டே நின்றாள். அசீனா பள்ளிக்கூடம் போயிருந்தாள். பிறகு மைமூனக்கா கையை எடுத்தாள். "செத்த நேரம் சுத்திப் பாரு. நான் டீ போட்டுட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஆரிபா கைப்பிடியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தொடவில்லை. அடுப்படியில் பாத்திரச் சத்தம் கேட்டது, பிறகு அதுவும் நின்றது. அடுப்படிச் சுவருக்கு அந்தப்பக்கத்திலிருந்து மைமூனக்காவின் குரல் வந்தது.

"என்னட்டி, சத்தத்தைக் காணோம்?"

"இந்தா சுத்துதேன் மைனி" என்றாள் ஆரிபா. சுற்றத் தொடங்கினாள்.